சுருட்டு வைக்க ஒரு டப்பா

சுருட்டு விற்பது சுலபம். விற்ற சுருட்டு வாங்கினவர் வீட்டில் எப்படி இருக்கிறது என்பதற்கும் கடைக்காரனே ஜவாப்தாரி என்பதுதான் இந்தத் தொழிலின் சாபக்கேடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாமக்கல் கடைவீதியில் சுருட்டுக்கடை வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் சுருட்டு அப்பளமாக நொறுங்கும், ஐப்பசி மழையில் பூஞ்சணம் பூக்கும். இரண்டுக்கும் திட்டு எனக்குத்தான். மளிகையோ மருந்தோ விற்று, விற்ற சரக்குக்காக ஆயுசு முழுக்க வக்காலத்து வாங்கிய புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் என் அவதி புரியும்.

ஊறுகாய் ஜாடி

ராசிபுரம் ரோட்டுத் தோட்டக்காரர் ஒருவர், சுருட்டை எதில் வைப்பது என்று கேட்டார். பீங்கான் ஜாடியில் போட்டு மூடி வையுங்கள் என்றேன். நான் மனதில் நினைத்தது புது ஜாடி. அவர் வீட்டில் இருந்ததோ எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்த ஜாடி. கழுவித்தான் போட்டாராம்.

அடுத்த சந்தைக்குக் கட்டோடு வந்து நின்றார். ஒன்றைப் பற்றவைத்து இழுத்துப் பார்த்தேன். அட ராமா, வாயெல்லாம் எச்சில் ஊறிவிட்டது. இன்றைக்கு நம் பரம்பரையையே இழுத்து வைவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரானால் பரிதாபமாகச் சொன்னார்: "சுருட்டு போனாப் போகுதுங்க. இதைப் பத்த வெச்சதும் வாயி பழைய சோறு கேக்குது, அர்த்த ராத்திரியில அதுக்கு நான் எங்கீங்க போவேன்?"

எருமையிடம் சொல்லும் சேதி

எருமப்பட்டிப் பக்கம் காடு தோட்டம் வைத்திருந்த செங்கோடன் என் பழைய வாடிக்கை. வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது வடக்கயிற்றில் சிக்கி, வலது கட்டைவிரல் மடங்காமல் போனவர். அவர் மனைவி பாவாயி சந்தைக்கு வெண்ணெய் கொண்டுவந்து விற்றுவிட்டு, போகும்போது அவருக்குச் சுருட்டு வாங்கிப் போவாள்.

ஒருநாள், "சுருட்டு வெக்கறதுக்கு நல்லதா ஒண்ணு குடுங்க, மண் கலயம் சரிப்படலீங்க" என்றாள். என்னிடம் இழுவை மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று இருந்தது. வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் உத்தமம் என்று ஒரு பிரசங்கமே செய்து அதைக் கொடுத்தேன். கொடுக்கும்போது வாய் சும்மா இருக்காமல், "கலயம் ஆகாதென்று அவர் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டேன். அவள் கண் கலங்கிப் போயிற்று.

மகளை வேறு இடத்தில் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தாராம். மகளோ மோகனூர் மாமன் மகனைத்தான் கட்டுவேன் என்றாள். பாவாயி மகள் பக்கம் நின்று, அங்கேயே கட்டிக் கொடுத்துவிட்டாள். மகள் சௌக்கியமாகத்தான் இருக்கிறாள். ஆனால் கலியாணத்தன்றிலிருந்து அவர் மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, பாவாயியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "'யாராச்சும் சோறு போட்டாத் தேவலை'ன்னு எருமைகிட்டச் சொல்றாருங்க. 'வெந்துட்டு இருக்குது'ன்னு நானும் அதுகிட்டத்தான் சொல்றேன். பாவமுங்க, வாயில்லாத சீவன், ரெண்டு பேரு நாயத்தையும் கேட்டுட்டு நிக்குது."

சும்மா திறக்கும் பெட்டி

மறு சந்தைக்கே மரப்பெட்டி திரும்பி வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பூச்சி அரித்ததா, சுருட்டு காய்ந்ததா என்று அதட்டினேன். "பெட்டி நல்லாத்தானுங்க இருக்குது. தள்ளுனாச் சும்மா தொறந்துக்குதுங்க" என்றாள். திறக்கத்தானே அம்மா பெட்டி என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. அலமாரி மேல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒரு சீமை பிஸ்கோத்து டப்பா கிடந்தது. சேலத்துத் துரை பங்களாச் சமையல்காரன் எப்போதோ கொடுத்தது. அதன் மூடி இருக்கிறதே, ஊர்ப்பட்ட பிடிவாதம். இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து நெம்பினால்தான் அசையும். பாவாயி அதை வாங்கி, பல்லைக் கடித்துத் திறந்தாள். திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. தகரம் வெயிலுக்குச் சுடும், சுருட்டு புழுங்கிப்போகும், வேண்டாம் தாயே என்று தலையால் அடித்துக்கொண்டேன். அவள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "புழுங்குனாப் புழுங்கட்டுமுங்க. அவருக்குக் கட்டைவெரலு மடங்காது, இதைத் தொறக்க என்னையத்தானுங்க கூப்படோணும்."

நான் டப்பாவின் அடியில் வாழைச்சருகு விரித்துக் கொடுத்தேன்.

முதல் வார்த்தை

அதற்கப்புறம் ஒவ்வொரு சந்தைக்கும் அவள் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டு விவகாரம் போல மனசு அடித்துக்கொண்டது. முதலில் நல்ல சேதி ஒன்றுமில்லை. அவர் டப்பாவை எருமைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, "யாராச்சும் இதைத் தொறந்தாத் தேவலை" என்றாராம். இவள் கேட்காத மாதிரி சாணி அள்ளிக்கொண்டிருந்தாளாம். புருஷன் சுருட்டில்லாமல் படுக்கப் போனதை நினைத்து அழுதாளே தவிர, விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு ஒரு சந்தையன்று கூடையைக்கூட இறக்காமல் ஓடிவந்தாள். "என்ற பக்கத்துல வந்து ஒக்காந்து, 'இந்தா, இதைத் தொற'ன்னாருங்க சாமி. கையி வெடவெடன்னு ஆடுது, எனக்கே மூடி வரலீங்க!"

தார்க்குச்சி

அந்த வருஷம் தை பிறந்து, கடை வாசலில் ஒரு வண்டி நின்றது. செங்கோடன் இறங்கி வந்தார். வண்டிக்குள் பாவாயி, மடியில் பலகாரக் கூடை. மோகனூர் மகள் வீட்டுக்குப் போகிறார்களாம், இரண்டு பேருமாக. ஒன்றும் தெரியாதவன்போல் சுருட்டைக் கட்டிக் கொடுத்து, வேண்டுமென்றே கேட்டேன்: "அந்த டப்பா மூடி ரொம்ப இறுக்கம்போல இருக்குதே, வேறு தரட்டுமா?"

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த தார்க்குச்சியைத் தூக்கி, மாட்டைக் குத்துகிற அதன் முனை ஆணியை எனக்குக் காட்டினார். குனிந்து, குரலைத் தணித்துச் சொன்னார்: "மாத்திப்போடாதீங்க சாமி. இந்த ஆணியை விட்டு நெம்புனா மூடி வந்துரும், அது எனக்கு மொத நாளே தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டாமுங்க."

அதிலிருந்து, சுருட்டு வைக்க எது நல்லது என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.