ரெண்டேகால் அடிப் பள்ளம்

பிளாரன்ஸுக்குத் தன் வீட்டுச் சுவர் ஒவ்வொன்றும் தெரியும். அவளே செங்கல் சுமந்து, கலவை அள்ளிக் கொடுத்து எழும்பிய சுவர்கள். பத்தொன்பது வயதில் சித்தாள் வேலைக்குப் போக ஆரம்பித்தவள். கடற்கரையில் அவர்கள் குடியிருந்த தெருவை ஐந்தாறு வருஷத்தில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்தபோது, அரசாங்கம் உப்பளங்களுக்குப் பின்னால் நூற்றிருபது வீடுகள் கட்டியது. அந்த வேலைக்கும் போனாள். குலுக்கலில் எண்பத்தேழாம் எண் வீடு அவள் பெயருக்கே விழுந்தது.

புருஷன் இனிகோவுக்குக் கடலை விட்டுத் தள்ளிப் போக மனமில்லை. வள்ளத்தை ஓரிடத்தில் போட்டுவிட்டு வேறிடத்தில் தூங்குவது எப்படி என்று கேட்டான். "நான் தண்ணி ஊத்தி ஊத்தி நனைச்ச சுவரு. நூறு வருசம் நிக்கும், வாங்க" என்றாள் அவள். தயங்கி நின்ற மற்றவர்களிடமும் இதையே சொல்லித்தான் கூட்டி வந்தாள். பக்கத்து வீட்டு ஜாஸ்லினும் அந்தப் பேச்சை நம்பி வந்தவள்தான்.

குடிவந்து இரண்டு வருஷம் கழித்து, துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்காகக் காலனிக்குக் கிழக்கே புதுச் சாலை போட்டார்கள். மண்ணைக் கொட்டி, இறுக்கி, உயர்த்திப் போட்டார்கள். நல்ல சாலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகச் சௌகரியமாக இருந்தது. மழைத் தண்ணீர் கடலுக்குப் போகிற திசையும் அந்தக் கிழக்குதான் என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

அந்த டிசம்பரில் பெருமழை பெய்தது. மேற்கே குளங்கள் உடைந்து வந்த வெள்ளம் சாலையில் முட்டி நின்றது. காலனி ஒரே பகலில் குளமாகிவிட்டது. இனிகோ நாலு பேரோடு போய் வள்ளத்தைக் குட்டியானை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தெருவிலேயே இறக்கினான். மொட்டை மாடிகளில் நின்றவர்களை இறக்கி, சாலைமேட்டில் கொண்டு விட்டான். ஜாஸ்லினுக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள். பச்சைப் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வள்ளத்தில் சேர்த்தது பிளாரன்ஸ். ஒரு உயிருக்கும் சேதமில்லை. ஆனால் தண்ணீர் பதினோரு நாள் வடியவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை. அதுதான் அவளை அதிகமாக வதைத்தது. நல்ல வீட்டைக் கட்டி, அதைப் பள்ளத்துக்குள் வைத்து, ஊரையே அழைத்து வந்து குடியேற்றிய மாதிரி இருந்தது. ஜாஸ்லின் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மனு எழுதிக்கொண்டு அலைந்தாள். வீடு கட்டிய அலுவலகத்தில், வீட்டில் பழுதில்லை, சாலைதான் உயரம் என்றார்கள். சாலை போட்ட அலுவலகத்தில், சாலை சரியாகத்தான் இருக்கிறது, வீடுதான் தாழ்வு என்றார்கள். இரண்டு இடத்திலும் அவளை உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

அப்போதுதான் டெல்லியிலிருந்து நாடாளுமன்றக் குழு ஒன்று வருகிறது என்று பங்குச் சாமியார் பூசை முடிவில் அறிவித்தார். கடலோர வீடு, சாலை, மழைவெள்ளம் இவற்றுக்கு அரசாங்கம் போட்ட திட்டமெல்லாம் எப்படி நடந்திருக்கிறது என்று எம்.பி.க்கள் நேரில் பார்த்துக் கேள்வி கேட்பார்களாம். பேசுவதற்கு ஆறு பேர் பட்டியல் ஏற்கெனவே தயார். அதில் பிளாரன்ஸ் பெயர் இல்லை. குழு பார்ப்பதற்கு வெள்ளையடித்து வைத்திருந்த வீடும் காலனியின் மேட்டுப்பக்கத்து முதல் வீடு.

"ஏளா, பேசாம இரி. பெரிய மனுசங்க வார இடம்" என்றான் இனிகோ.

"நான் பேசப் போகல. அளந்து காட்டப் போறேன்" என்றாள்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு சாலையோரம் நின்றாள். கார்கள் வந்து நின்றன. குழுத் தலைவர் வடக்கே மலைநாட்டுக்காரர், அறுபது வயதுக்கு மேலிருக்கும். அதிகாரி ஒருவர் அவளை ஒதுங்கச் சொன்னார். தலைவர் அவள் தோளில் கிடந்த டியூபைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். மொழிபெயர்க்க வந்திருந்த அனுஜா என்ற பெண் அவள் பக்கம் திரும்பி, "அக்கா, நிதானமாச் சொல்லுங்க. நீங்க சொல்றதை அப்படியே சொல்றேன்" என்றாள்.

பிளாரன்ஸ் டியூபின் ஒரு முனையைத் தலைவரிடமே கொடுத்தாள். அவர் சாலையில் குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். மறுமுனையோடு அவள் சரிவில் இறங்கி, கடைசி வரிசை வீட்டு வாசலுக்குப் போனாள். அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்: "ஐயா, டியூப்ல குமிழ் இருக்கு. சுண்டி விடுங்க. குமிழ் இருந்தா மட்டம் பொய் சொல்லும்." அனுஜா அதையும் விடாமல் சொன்னாள். தலைவர் சிரித்துக்கொண்டே சுண்டிவிட்டார். சாலை மட்டத்துக்கு அவர் பிடித்திருந்த தண்ணீர், வாசலில் அவள் தொடை உயரத்தில் வந்து நின்றது. டேப் வைத்து அளந்தாள். ரெண்டேகால் அடி.

"வீடு உறுதியாத்தான் இருக்கு ஐயா. கட்டுனது நாங்கதான். தண்ணி போக வழிதான் இல்ல" என்றாள்.

தலைவர் எழுந்து இரண்டு அலுவலகத்துக்காரர்களையும் பக்கத்தில் கூப்பிட்டார். முதல் தடவையாக அந்த இருவரும் ஒரே இடத்தில் நின்றார்கள். சாலைக்கு அடியில் தண்ணீர் போக வரைபடத்தில் வழி காட்டியிருக்கிறதா என்று கேட்டார். பெரிய அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ஃபைலோடு நின்ற, சாலை அலுவலகத்து இளம் பொறியாளர் செந்தில்முருகன், மூன்று சிறுபாலங்கள் காட்டியிருக்கிறது என்றார். போட்டீர்களா என்பது அடுத்த கேள்வி. செந்தில்முருகன் ஃபைலை மூடினார்.

"போடல சார்" என்றார் அவர்.

தலைவர் அதைத் தன் கைப்படவே எழுதிக்கொண்டார்.

ஏழு மாதம் கழித்து அனுஜா போன் செய்தாள். அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, ஒரு பத்தியைத் தமிழில் வாசித்தாள். கட்டட வேலை செய்யும் ஒரு பெண் தண்ணீர்க் குழாயை வைத்து உயர வித்தியாசத்தைக் காட்டியதைக் குழு நேரில் பார்த்தது. வரைபடத்தில் உள்ள பாலங்களைக் கட்டாததற்கு விளக்கம் வேண்டும் என்று இருந்தது. பெயர் போடவில்லையே என்று இனிகோவுக்கு வருத்தம். பிளாரன்ஸுக்கு அது தோன்றவே இல்லை. தான் சொன்னது டெல்லி வரை சிந்தாமல் சிதறாமல் போயிருக்கிறதே என்று அந்தப் பத்தியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

எல்லாம் நடந்துவிடவில்லை. வீட்டுத் தரைகளை உயர்த்தத் திட்டத்தில் இடமில்லை என்று அரசாங்கம் பதில் சொன்னது. அந்தப் பதிலை ஏற்க முடியாது என்று குழு மறுபடி எழுதியது. கடைசியில் தாழ்வான முப்பத்திரண்டு வீடுகளுக்கு மட்டும் தரை உயர்ந்தது. பாலங்கள் மூன்றும் வந்தன. அந்த வேலைக்கும் பிளாரன்ஸ் சித்தாளாகப் போனாள். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் செந்தில்முருகன் அவளைக் கூப்பிட்டு, தண்ணீர் ஓடுகிற வாட்டம் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டார்.

அடுத்த நவம்பரில் மூன்று நாள் விடாமல் அடித்தது மழை. பிளாரன்ஸ் குடையோடு போய்ப் பாலத்தின் மேல் நின்றாள். தெருத் தண்ணீர் சுழித்துக்கொண்டு அடியில் நுழைந்து, மறுபக்கம் உப்பளத்து ஓடையில் விழுந்து கடலைப் பார்த்து ஓடியது. தெருவில் கணுக்கால் அளவு. வீடுகளுக்குள் ஒரு சொட்டு இல்லை. ஜாஸ்லின் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அவளருகே நின்றாள். "யக்கா, நீங்க கூட்டிட்டு வந்தது நல்ல இடத்துக்குத்தான்" என்றாள். பிளாரன்ஸ் மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் தான் பார்த்திராத ஊர்க்காரர் ஒருவருக்காக வேண்டிக்கொண்டாள். கார் நிழலில் நிற்காமல் தார்ச்சாலையில் குந்தி உட்கார்ந்தாரே, அவருக்காக. ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல் கொண்டுசேர்த்த அனுஜாவுக்காகவும்.

தை மாதம் செந்தில்முருகனுக்கு விளாத்திகுளத்துக்கு மாறுதல் வந்தது. செய்தி தெரிந்து காலனிப் பெண்கள் பத்துப் பேர் அலுவலகத்துக்குப் போனார்கள். ஆத்தூர் வாழைத்தார் ஒன்று, இனிகோ கொண்டுவந்த சீலா மீன் ஒன்று. அவர் கூச்சப்பட்டு, பாலம் போட்டது தன் வேலைதானே என்றார்.

"பாலத்துக்குச் சொல்ல வரல சார்" என்றாள் பிளாரன்ஸ். "அன்னைக்கு அத்தனை பேர் முன்னால போடலன்னு சொன்னீங்கள்லா. அதுக்குத்தான்."

அவர் உள்ளே போய், எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார்.