பளபளா அக்கா துடைத்தது

எங்கள் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் அவருக்குப் பளபளா அக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக நோயாளிகளின் கோப்புகளை அடுக்குகிறவர். மேசையில் ஒரு குண்டூசி சும்மா கிடந்தாலும் அவருக்குக் கை அரிக்கும். நான் டீயைப் பாதி குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். சண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன், பலனில்லை.

அன்று மதியம் முகம் வெளிறி வந்து நின்றார். தோளில் மகளின் லேப்டாப் பை.

"இடத்தை அடைக்குதேன்னு நாலஞ்சு ஃபோல்டரை அழிச்சேன். இப்ப ஆன் ஆகவே மாட்டேங்குது."

"என்ன ஃபோல்டர்க்கா?"

"யாரும் திறக்காத ஃபோல்டர். குப்பை மாதிரி கிடந்துச்சு."

அக்கா குப்பை என்று கூட்டித் தள்ளியது விண்டோஸை. அதை மறுபடி ஏற்றியாக வேண்டும். மகள் நான்கு மாதமாக எழுதிய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அதில்தான் இருக்கிறதாம், திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். மகள் ஐந்து மணிக்கு வந்துவிடுவாள்.

"லேப்டாப்போட வந்த சிடி எங்கே?"

"அதைப் போன வருஷமே தூக்கிப் போட்டுட்டேன்" என்றார்.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் மச்சானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சிடி இல்லாட்டி என்ன மாமா? ஆபீஸ் கம்ப்யூட்டர்ல விண்டோஸை டவுன்லோட் பண்ணி ஒரு பென்டிரைவ்ல ஏத்துங்க. சி டிரைவ்ல மட்டும் போடுங்க. டி-யைத் தொட்டீங்க, அத்தனையும் போச்சு."

"டி-யிலதான் எல்லாத்தையும் வெப்பா" என்று அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

லேப்டாப் பையின் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பென்டிரைவ் இருந்தது. அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகினோம். இதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. எங்கள் பயமெல்லாம் லேப்டாப் மேலேயே. ஆமாம் என்று அழுத்தியவன் நான்தான்.

பிறகுதான் சோதனையே. பென்டிரைவை லேப்டாப்புக்கு மாற்றிச் செருகினால், திரையில் சி, டி என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒரு பெரிய பகுதி, ஒரு சின்னப் பகுதி, அவ்வளவுதான்.

"சின்னதுதான் சி. அழுத்துங்க மாமா" என்றான் மச்சான் மறுபடி போனில்.

"அவனுக்கு நிச்சயமா தெரியுமா?" என்றார் அக்கா. அழுத்தினேன்.

விண்டோஸ் ஏற ஒரு மணி நேரம் ஆனது. அக்காவின் கையில் துடைக்கும் துணி இருந்தது, அவர் எதையும் துடைக்கவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஒருவழியாக லேப்டாப் திறந்தது. டி-யில் படங்கள், பாட்டுகள், ஆய்வேடு என்ற ஃபோல்டர், எல்லாம் இருந்தன. உள்ளே போய்ப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை. அக்கா அழுதே விட்டார்.

சரியாக ஐந்து மணிக்கு மகள் வந்தாள். ஃபோல்டர்களை அழித்ததை அக்கா ஒப்புக்கொண்டார். அவள் லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பையின் பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவினாள்.

"இதுல இருந்த பென்டிரைவ் எங்கேம்மா?"

"அது எதுக்குடி இப்ப? டி-யில எல்லாம் பத்திரமா இருக்கு."

"கடைசி அத்தியாயம் டி-யில இல்லம்மா. லேப்டாப்புல வெச்சா நீ துடைச்சிடுவேன்னுதான் அதுல வெச்சிருந்தேன்."

பென்டிரைவ் லேப்டாப்பிலேயே செருகியிருந்தது. அதை உருவிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.