படம் முடிஞ்சிடுச்சா?

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "படம் முடிஞ்சிடுச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். டீக்கடையில் கேட்பார்கள், மருந்துக் கடையில் கேட்பார்கள். பல் பிடுங்கப் போனால் வாயை ஆவென்று திறக்கச் சொல்லிவிட்டு டாக்டரும் அதையே கேட்பார். என்ன படம், யாரைப் பற்றி என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கினேன். சபாவிலும் கல்யாணத்திலும் ரேடியோவிலும் இடம் கிடைக்காத பாட்டுக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள், கார் ஷெட்டிலும் மூடிப்போன கோழிப் பண்ணையிலும் தங்களுக்குள் கூடி வாசிக்கிறார்கள், அவர்களைப் பின்தொடர்ந்து ஆவணப்படம் எடுப்பது என் தொழில் என்பேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ ஹீரோ யாரு?" என்பார்கள். அலுத்துப்போய், யார் கேட்டாலும் "ஆங், முடிஞ்சிடுச்சி" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அதற்கு மேல் கேள்வி வராது.

உண்மையில் என் தொழிலில் எதுவும் முடிவதில்லை. நான் கேமராவோடு நுழைந்தால் அந்தக் குழு உடைந்துவிடும் என்று சென்னையில் ஒரு பேச்சே உண்டு. முதல் படத்தில் ராப் பாடிய இரண்டு பேரும் பாதியில் சண்டை போட்டுக்கொண்டார்கள். அவன் முகம் தெரியக் கூடாது என்று இவனும், இவன் முகம் தெரியக் கூடாது என்று அவனும் அடம் பிடித்தார்கள். யாரைத்தான் காட்டுவது? இரண்டாவது படத்தில் கிதார்க்காரன் சொல்லாமல் கொள்ளாமல் துபாய்க்குப் போய்விட்டான். அவனுடைய காலி நாற்காலியை உருக்கமாகக் காட்டி ஒப்பேற்றினேன்.

மூன்றாவது படத்துக்குப் பொதட்டூர்பேட்டையில் ஒரு குழு கிடைத்தது. நான்கு பேரும் விசைத்தறிக் கூடத்தில் லுங்கி நெய்கிறவர்கள். அதே கூடத்தின் மூலையில் டிரம்ஸும் கிதாருமாக, இடியும் உறுமலுமான மெட்டல் இசை வாசித்தார்கள். அதுவும் தறிகள் ஓடும்போதுதான் வாசிப்பார்கள். வேறு நேரத்தில் வாசித்தால் தெருவே சண்டைக்கு வரும், தறி ஓடினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பாடகனுக்கு இடுப்புவரை முடி. வேலை செய்யும்போது அது இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க லுங்கித் துண்டால் இறுக்கிக் கட்டியிருப்பான். பாடும்போது அவிழ்த்து விட்டுத் தலையைச் சுழற்றுவான். என் படமே அந்த முடியில்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும்.

அவனுடைய அம்மாவும் அங்கேயே நூல் சுற்றும் வேலையில் இருந்தார். பல வருடத் தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. எல்லோரிடமும் உரக்கத்தான் பேசுவார். மகன் பாட ஆரம்பித்தால், அவன் வாய் போகும் போக்கைப் பார்த்துவிட்டு, "ஏண்டா இப்டி கத்துற? வயித்து வலியா?" என்று கேட்பார்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு முழுப் பாட்டு. ஆரம்பம் முதல் கடைசிவரை தடங்கல் இல்லாமல். அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தான், அதுதான் படத்தின் முடிவு. பாட்டின் பின்பாதியில்தான் அம்மாவே வருவார், அந்தப் பின்பாதிதான் எனக்குக் கிடைக்கவேயில்லை. ஒருமுறை டிரம்ஸ்காரனின் பாவா, அதாவது அக்கா புருஷன், ஆட்டோவோடு வந்து, பெண் பார்க்கப் போக வேண்டும் என்று அவனைக் கையோடு கூட்டிப்போனார். இன்னொரு முறை, சத்தம் சுத்தமாக வரட்டும் என்று முதலாளியிடம் கெஞ்சி எல்லாத் தறிகளையும் நிறுத்தினேன். நான்கு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். இத்தனை நாளும் தறியின் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் வாசித்திருக்கிறார்கள். அது நின்றதும் டிரம்ஸ் ஒரு பக்கம், கிதார் ஒரு பக்கம். "தறியைப் போடுங்கண்ணா, கையே வரல" என்றான் டிரம்ஸ்காரன். மறுபடி தறியை ஓட்டி எடுத்தோம். முன்பாதி அற்புதமாக வந்தது. கரண்ட் போனது.

மீதியை ஆடிக் கிருத்திகை கழிந்து எடுப்பதாகப் பேசிக்கொண்டோம். சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தேன். கூடத்தின் வாசலில் தலை நிறைய சந்தனத்தோடு ஒருவன் நின்று சிரித்தான். பாடகன்!

"முடி எங்கடா?" என்று கத்தினேன்.

"மலையில குடுத்துட்டேண்ணா. அம்மா வேண்டுதல்."

"ஒரு வாரம் பொறுக்க முடியாதா? இத்தனை நாளா எடுத்தது என்னாவறது? பாதிப் பாட்டுல முடியோட இருக்க, மீதியில மொட்டையா?"

உள்ளேயிருந்து அம்மா வந்தார். "அவன ஏன் திட்டுற நைனா? சாமி கடன வெச்சிக்கினு இருக்கக் கூடாது. காரியம் முடிஞ்ச கையோட குடுத்துடணும்."

"என்ன காரியம் முடிஞ்சிது?"

"உன் படந்தான். போன மாசம் கேட்டேன், முடிஞ்சிடுச்சின்னு நீதான சொன்ன? மூணு வருசமா நாய் மாதிரி அலைஞ்சிகினு இருக்க, ஊரே பாத்து சிரிக்குது. உனக்காக வேண்டிக்க யாரு கீறாங்க? அதான் நான் வேண்டிக்கினேன்."

என் வீட்டில்கூட அந்தப் படத்துக்காக ஒரு கற்பூரம் ஏற்றியவர்கள் கிடையாது. குனிந்து அவர் காதருகில், "இன்னும் முடியலம்மா. பாதிப் பாட்டு பாக்கி" என்றேன்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நடக்காத காரியத்துக்கா மொட்ட போட்டோம்! முருகா! டேய், யாரும் நகரக் கூடாது. எடுத்துட்டுத்தான் வீட்டுக்கு" என்று வாசலில் நூல் மூட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரப் பார்த்த பாவாவை ஒரே பார்வையில் திருப்பி அனுப்பினார்.

அன்று கரண்ட் போகவில்லை. சந்தனம் வியர்வையில் கரைந்து கழுத்தில் வழிய, சுழற்ற முடியில்லாத தலையைச் சுழற்றிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடி முடித்தான். முடி சுழலும் பழைய முன்பாதியை விட மனமில்லாமல், அதையும் அன்றைய பின்பாதியையும் ஒட்டினேன். ஒரு திரைப்பட விழாவில் பார்த்த ஒருவர், அந்த மொட்டை எதன் குறியீடு என்று எழுந்து நின்று கேட்டார். வேண்டுதல் என்றேன். ஆழமான பதில் என்று எழுதிக்கொண்டார். இவர்களோடெல்லாம் என்ன செய்வது?

பிறகு படத்தைத் தறிக்கூடத்தில் போட்டுக் காட்டினேன். இவன் உறுமுவதில் வார்த்தை யாருக்கும் புரியாது என்பதால் பாட்டு வரிகளைத் திரையின் அடியில் எழுத்தாகப் போட்டிருந்தேன். அம்மா எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். பின்பாதி வந்தது. "தறிக்குக் காதைக் கொடுத்தவளே, உனக்குக் கேட்கும்வரை கத்துவேன்" என்று படித்ததும் நின்றுவிட்டார். திரும்பி மகனைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் இப்டி கத்துறியாடா?"

அவன் முடி முளைக்கத் தொடங்கியிருந்த தலையைத் தடவிக்கொண்டு தறியின் பக்கம் பார்த்தான். படத்தில் மொட்டை வரும் இடத்திலிருந்து திரும்பப் போடு என்றார் அம்மா. போட்டேன். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்போ மலைக்குப் போலாம்?"

"எதுக்கும்மா?"

"ரெண்டு தலைன்னு வேண்டிக்கினேன் நைனா. அவனுது ஒண்ணு, உன்னுது ஒண்ணு."

நான் பின்வாங்கிப் பார்த்தேன், மீசையாவது மிஞ்சுமா என்று கேட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கிருத்திகையன்று மொட்டை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். தலையை நனைத்தவர் என்ன வேண்டுதல் என்று கேட்டார். ஒரு படம் எடுத்து முடித்தேன் என்றேன். உச்சந்தலையில் கத்தியை வைத்துக்கொண்டே, கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே உரக்கக் கேட்டார்:

"அப்படிங்களா? எப்போ ரிலீசு?"

கத்திக்குக் கீழே இருந்த நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நான் பாத்துட்டேன். நீ தலையப் பாத்து போடு."