மழைக்கால விரல்

"…ஒத்த ரூவாகூட அதுல கெடக்க வேண்டாம் அண்ணாச்சி, வழிச்சு எடுத்துத் தந்துருங்க" என்றார் அந்த அம்மா. முன்னால் சொன்ன பாதியை என் கடை ஜெராக்ஸ் மெஷினின் இரைச்சல் விழுங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் அவர் வேலை பார்க்கிற உப்பளத்தின் கங்காணி பைக்கை நிறுத்தி, இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார்.

உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் என் கடை. ரீசார்ஜ், ஜெராக்ஸ், அதோடு பேங்கின் சின்ன மெஷின் ஒன்று. ஆதார் நம்பரைத் தட்டி விரலை வைத்தால், கணக்கில் உள்ளதை என் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். பேங்கு எனக்குத் திருப்பித் தந்துவிடும். அண்ணாச்சி கடையில பேங்கு இருக்கு என்று ஜனங்கள் சொன்னபோது முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

முன்பு எங்கள் தெருமுனையில் நிஜமான கிளையே இருந்தது. அதற்கும் முந்தி அளத்துப் பெண்களின் கூலி கங்காணி கையில்தான் கிடக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை நிற்க வேண்டும். கிளை வந்ததும் முதலில் கணக்குத் தொடங்கியவர்களில் இந்த அம்மாவும் ஒருவர். "நம்ம துட்டக் கேக்கதுக்கு இனி ஒருத்தன் வாசல்லயும் நிக்க வேண்டாம் பாத்துக்கிடுங்க" என்று பாஸ்புக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டே அன்று என்னிடம் சொன்னார். அவர் கைநாட்டு சீட்டில் வெறும் மைக்கறையாகத்தான் விழும். உப்பு வாரிய விரலில் ரேகை ஏது? காசாளர் சீட்டைப் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்ப்பார், பணத்தை நீட்டுவார்.

பிறகு அந்தக் கிளையை வேறொன்றோடு சேர்த்து மில்லர்புரம் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். போய்வர ஒரு நாள் கூலி போகும். போனாலும் அங்கே முகம் தெரிந்தவர் யாருமில்லை. கைநாட்டெல்லாம் செல்லாது, மெஷினில் ரேகை பதிந்தால்தான் பணம் என்றார்கள். ஏடிஎம் கார்டு காலாவதியாகியிருந்தது. புதுக் கார்டுக்கும் ரேகைதான் கேட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், அவருக்கு ஆதார் எடுத்தது ஐப்பசி மழையில். அளத்தில் வேலை இல்லாத மாதம், தோல் ஆறி ரேகை துளிர்த்திருந்த நேரம். கோடையில் அதே விரலை வைத்தால் யாரோ எவரோ என்கிறது மெஷின். அளத்துப் பெண்கள் பலரும் மழை நாளிலேயே பணத்தை எடுத்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். உப்பு மூட்டை ஏற்றுகிற லோடுமேன் ஒருவர் என் கடையில் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "முன்ன மூஞ்சிக்குத் துட்டு குடுத்தாவ, இப்ப விரலுக்குக் குடுக்காவ." இதைவிடச் சுருக்கமாக யாராவது சொல்லிவிட முடியுமா?

பங்குனியில் இந்த அம்மா வந்து நின்றார். மகளை எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். வளையல் போட்டு அழைத்துவர வேண்டும். ஏழில் தவறினால் பிறகு ஒன்பதுதான். அதுவரை அந்தப் பெண் வெயிலில் மிளகாய்ப்பழம் பறிக்கப் போயாக வேண்டும். ரத்தம் குறைவு, வீட்டில் இருக்கட்டும் என்று நர்ஸ் சொல்லியும் மாமியார் கேட்கவில்லை. அழைத்துவரத்தான் அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு விரலாக வைத்தார். ஒவ்வொரு விரலுக்கும் சிவப்பு விளக்கு.

"ஏளா, விரலை வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?" என்றார் லோடுமேன்.

"நீ ஏத்துன மூட்டையிலதாம்ல கெடக்கு. கப்பலேறிப் போயிருக்கும், போய் வாங்கிட்டு வா."

கடையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டுதான் அடுத்த விரலை வைத்தார். அதற்கும் சிவப்பு.

நான் கல்லாவிலிருந்து தருகிறேன் என்றேன். எந்துட்டு உள்ள கெடக்கையில ஒங்ககிட்ட எதுக்குக் கடன் என்று மறுத்துவிட்டார். அப்படியென்றால் கொஞ்ச நாள் உப்பில் கை வைக்காமல் இருந்து பாருங்கள், ரேகை வரும் என்றேன். அவரும் அளத்துக்குப் போகாமல் இருந்தார். உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் தடவி, பழந்துணி சுற்றி, சோற்றைக்கூடக் கரண்டியால் தின்றாராம். அளத்திலோ உப்பு விளைந்து குவிகிற நேரம். கங்காணி அவர் இடத்தில் வேறொரு பெண்ணை இறக்கிவிட்டார்.

ஏழாம் மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில்தான் அன்று கங்காணியின் பைக்கில் வந்து இறங்கினார். விரலை வைத்ததும் பச்சை எரிந்தது. எனக்குத்தான் அவரைவிடச் சந்தோஷம்.

"பாத்தியாக்கா, விரலு வந்துட்டு."

"விரலு வந்துட்டு. சோலி போயிட்டுல்லா" என்றார்.

பிறகு மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னார். கங்காணி திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் இப்படித் திடீரென்று நின்றுவிட்டால் தனக்கு என்ன பிடிமானம் என்று கேட்டிருக்கிறார். கையில் உள்ளதைத் தன்னிடம் போட்டு வைக்க வேண்டுமாம். இனிமேல் கூலியும் தன்னிடமே கிடக்குமாம். அதற்குத்தான் பைக்கில் கூட்டிவந்திருக்கிறார்.

கொஞ்சமாவது கணக்கில் கிடக்கட்டுமே என்று நான் இழுத்தேன்.

"நாளைக்கு உப்புல எறங்கினா இந்த விரலு திரும்ப எங்கயிருந்து வரும்? கடலு மாதிரி அங்கன கெடந்து என்ன செய்ய, குடிக்கவா முடியும்? எடுங்க அண்ணாச்சி."

எடுத்தேன். மெஷின் ஒரே தடவையில் தருகிற அளவுக்குத்தான் இருந்தது. நோட்டை வாங்கியவர் எண்ணிப் பார்க்கவில்லை. படியிறங்கிப் போய்க் கங்காணி கையில் மொத்தத்தையும் கொடுத்தார். அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அந்த அம்மா மகளுக்கு வளையல் வாங்கணும், பஸ்ஸுக்கு வேணும் என்று சொல்லி, எண்ணெய் மினுங்கிய அந்தக் கையை அவர் முன்னால் நீட்டியபடி நின்றார்.