பாட்டு வண்டியில் ஒன்பது செவ்வாய்

என் கணவரின் ஆன்மாவுக்காக ஒன்பது செவ்வாய்க்கிழமை சிதம்பரத்து அந்தோணியார் கோயிலுக்குப் போய் மன்றாடினேன் என்று எங்கள் தேவாலயப் பங்கு மக்கள் எல்லோரும் நம்புகிறார்கள். பொய்! ஒரு செவ்வாய்கூட அந்தக் கோயில் வாசலை நான் மிதிக்கவில்லை. பஸ்ஸில் பாட்டுக் கேட்கத்தான் போனேன்.

சொல்லிவிட்டேன்... அப்பாடா! இத்தனை வருஷமாகத் தொண்டையில் மீன்முள் சிக்கியது போல இருந்தது. என்னை என்ன நினைத்தாலும் சரி, முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

பாட்டு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். பாடவெல்லாம் வராது, கேட்க மட்டும்தான். பெண்ணாடத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு கல்யாணத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் போதும், அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூட எனக்குத் தெரியாது. அதற்காக அம்மாவிடம் எத்தனை அடி வாங்கியிருப்பேன்! கடலூர் முதுநகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதும், சீரோடு சேர்த்து ஒரு ரேடியோவை அடம்பிடித்து வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

என் கணவர் சவரிக்குப் பாட்டில் அப்படியொன்றும் நாட்டம் கிடையாது. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு வேலை. களைத்து வந்து படுத்தபடியே, "ஒனக்குத் தாலி கட்டுனது நானா, இந்த ரேடியோவான்னே தெரியல மேரி" என்பார். ஆனால் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதே இல்லை. அப்படியே தூங்கிப்போவார்.

2008-இல் ஒருநாள் காலை, வேலைக்குப் போனவர் கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்துபோயிற்று.

எனக்கு அழுகை வரவில்லை. சத்தியமாக வரவில்லை! பெட்டியை மூடும்போதும் வரவில்லை, கல்லறையில் மண் போடும்போதும் வரவில்லை. 'கல்நெஞ்சுக்காரி' என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அப்படித்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது... பதினான்கு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையென்றால் நான் என்ன ஜென்மம்?

எங்கள் பக்கம் துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. அத்தை, அதாவது என் மாமியார், டிவிமேல் வெள்ளைத்துணியைப் போர்த்தினார். என் ரேடியோ பரணுக்குப் போயிற்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெற்ற வயிறு!

அதோடு அவருக்குப் பெரிய பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. மகன் கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், சாகும்முன் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் வாங்காமல், டீக்கடையில் செத்துப்போனான். பாவம் தீரும்வரை ஆன்மாக்கள் வேகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து துடிப்பான் என்று அவர் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு முட்டி ஒத்துழைக்கல. நீ ஒம்போது செவ்வா சிதம்பரம் போயி மெழுகுவர்த்தி ஏத்திட்டு வாம்மா. அந்தோணியார் எம்புள்ளய வெளிய எடுத்துருவாரு."

ஒன்பது வாரமும் மீன் தொடுவதில்லை என்று அவரும் நேர்ந்துகொண்டார். கடலூர்க்காரி மீனை விடுவதென்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்தானே?

முதல் செவ்வாய், கோயிலுக்குப் போகும் எண்ணத்தோடுதான் கிளம்பினேன். அதை நம்புங்கள். கைப்பையில் மெழுகுவர்த்தி, வாயில் செபம். ஏறியது ஒரு தனியார் பஸ். எங்கள் ரூட்டில் தனியார் பஸ்ஸுக்குப் பிரேக் இல்லாமல் இருந்தாலும் இருக்கும், ஸ்பீக்கர் இல்லாமல் இருக்காது. ஏறி உட்கார்ந்ததும் பாட்டு வந்து காதில் விழுந்தது... ஒரு மாதமாகப் பட்டினி கிடந்த காது!

செம்மங்குப்பம் வந்தது. வழக்கம்போல மருந்து வாடை உள்ளே புக, எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்த டீக்கடை, அந்த பெஞ்சு. ஸ்பீக்கரிலோ திருவிழாவில் இளவட்டங்கள் குதித்து ஆடுவார்களே, அந்த மாதிரி ஒரு குத்துப்பாட்டு. சோகப் பாட்டுகூட இல்லை! அந்தக் கூத்துக்கு நடுவேதான் எனக்கு அழுகை வெடித்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டியும் அழுதேன். என் சவரி செத்துப்போனார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சிதம்பரத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. வண்டி எப்போது திரும்பும் என்று கண்டக்டரிடம் கேட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பத்து நிமிஷத்தில் என்றார். அதே சீட்டில் உட்கார்ந்து வீடு திரும்பினேன்.

என் வீங்கிய கண்ணைப் பார்த்த அத்தைக்கு மனம் நிறைந்துபோயிற்று. நன்றாக அழுது வேண்டினாயா என்று கேட்டார். தலையை ஆட்டினேன்... வாயால் பொய் சொல்லவில்லை, தலையால்தான் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். வெட்கக்கேடு!

அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் அதே வண்டி. மூன்றாவது வாரம் கண்டக்டர் என்னைக் கண்டதும் பாட்டை மாற்றினார். உருக்கமான பாட்டாக ஓடியது. நான் எழுந்து போய், போன வாரம் போட்ட ஆட்டப் பாட்டையே போடுங்கள் என்றேன்.

"அக்கா, நீங்க துக்கத்துல இருக்கீங்கன்னுதான் மாத்துனேன்."

"அதனாலதான் தம்பி கேக்குறேன்."

அவர் உடனே அதைப் போட்டார். அதற்குப் பிறகு செம்மங்குப்பம் நெருங்கும்போதெல்லாம் அந்தப் பாட்டு வந்துவிடும்.

மெழுகுவர்த்திகள் என்ன ஆயின என்றுதானே கேட்கிறீர்கள்? அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கரண்ட் போகும்போது ஒன்றொன்றாக எடுத்து ஏற்றினேன். மகனின் ஆன்மாவுக்குக் கொடுத்தனுப்பிய வெளிச்சத்தில் அத்தை ரசம் சோறு சாப்பிட்டார். நான்தான் பரிமாறினேன்.

ஒன்பதாவது செவ்வாய் மனசாட்சி அறுத்தது. இன்றாவது போய்விடுவோம், ஒன்பது வாரத்துக்கும் சேர்த்து முழந்தாளில் நிற்போம் என்று சிதம்பரத்தில் இறங்கியும்விட்டேன். பஸ் ஸ்டாண்டு வாசல்வரை நடந்தேன். பின்னால் அந்த வண்டி கிளம்பும் சத்தம், கூடவே பாட்டு... ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். நடுவயதுக்காரி, வெள்ளைப் புடவையோடு, பஸ்ஸைத் துரத்தி ஓடியதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் அத்தை சங்கரா மீன் வாங்கிவரச் சொல்லி, தன் கையாலேயே கழுவிக் குழம்பு வைத்தார். முகம் தெளிந்திருந்தது. மகன் கரையேறிவிட்டான் என்றார். எனக்கு இரண்டு துண்டு வைத்தார். சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் பங்கில் நான் பத்தினி. மருமகளென்றால் மேரி மாதிரி இருக்க வேண்டும் என்று பூசை முடிந்து வரும் பெண்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார் அத்தை. ஒவ்வொரு முறையும் தலைகுனிந்து நின்றேன். அதையும் அடக்கம் என்றார்கள்!

2012-இல் அத்தை படுத்த படுக்கையானார். சாமியார் வந்து பூசிவிட்டுப் போனார். அப்புறம் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பயமே இல்லம்மா. அங்க போனா அவன் நிப்பான். நீதான அவன அங்க சேத்த."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். சாகிறவரைக் கலங்கடிக்க வேண்டாம் என்றா? இல்லை, என் பெயர் கெட்டுவிடும் என்றா? இரண்டும்தான். எது அதிகம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அத்தை நிம்மதியாகத்தான் போய்ச் சேர்ந்தார். அங்கே மகன் நின்றாரா என்று எனக்குத் தெரியாது.

சாமியாரிடம் சொல்லிப் பாவமன்னிப்பு வாங்கலாமே என்பீர்கள். சாமியார் உட்கார்ந்து கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி முன் முழந்தாளிட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. கோபப்பட்டேன், புறணி பேசினேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மன்னிப்பு வேண்டுமானால் முதலில் செய்ததற்கு மனஸ்தாபப்பட்டு வருந்த வேண்டும், இனிச் செய்ய மாட்டேன் என்று உறுதி சொல்ல வேண்டும். அங்கேதான் இடிக்கிறது.

அத்தையை ஏமாற்றியதற்கு ஆயிரம் முறை மனஸ்தாபப்படுகிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டதற்கு... முடியவில்லை! உங்களிடம் கொட்டியதில் மனம் லேசாகிவிட்டது, மறைக்க மாட்டேன். ஆனாலும் மன்னிப்பு மட்டும் கேட்க வாய் வரவில்லை.

என் புருஷனுக்காக நான் வேண்டவில்லை. ஆனால் அவருக்காக நான் அழுததெல்லாம் அந்த வண்டியில்தான்.