வேறு நாட்கள்

அரிசியும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்து வேகிற வாசனை. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி அடுப்பேறிவிட்டால் பிற்பகலில் அது எங்கள் மயிலாப்பூர்ச் சந்துக்குள் நுழைந்து ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்க்கும். இந்த வருஷமும் வந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். யாரைச் சாத்துகிறேன் என்று தோன்றியது. திறந்துவிட்டேன்.

வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு நோன்பு மாதத்தைக் கடக்கிறவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக எழுதுகிறேன். ஆறுதல் சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

என் மனைவி மைமூனுக்கு நோய் முதலில் தெரிந்தது தொழுகையில். நிற்பாள், குனிவாள். சஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைக்கும் நிலை) மட்டும் தங்க முடியவில்லை. தரைக்குள்ளிருந்து யாரோ மூச்சைப் பிடித்து இழுத்ததுபோல் சட்டென்று எழுந்துவிடுவாள். "வயசாகுதுல்ல" என்றாள். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பிறகு கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தே தூங்கப் பழகினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததாம்மா?"

வந்தது. எல்லாரும் மறந்துபோன காய்ச்சல். அது எங்களை மறக்கவில்லை. மைட்ரல் வால்வைச் (இதயத்தின் இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் கதவு) சுருக்கிவிட்டுப் போயிருந்தது. டிஜிடாலிஸ் (துடிப்பை நிதானப்படுத்தும் மருந்து) கொடுத்தார். உப்பை நிறுத்தினார். அப்போது நோன்பு மாதம். நோன்பையும் நிறுத்தினார்.

எங்கள் வீட்டில் வேதம் அலமாரியோடு நிற்பதில்லை. வாயில் வரும் சொல்லும் பக்கத்து வீட்டுக்குப் போகிற கிண்ணமும் அதைக் கேட்டுத்தான் நகரும். நோயாளி நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் வைக்கலாம் என்று அதில் இருக்கிறது. அந்த வேறு நாட்களை மைமூன் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மார்கழி வரட்டுங்க. பகல் சின்னது, தாகம் தெரியாது. ஒண்ணொண்ணா வெச்சுடுவேன்."

மார்கழி வந்தது. ஒரே ஒரு நோன்பு வைத்தாள். பகல் சாயும் முன்பே உதடு நீலம் பாரித்துவிட்டது. ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனேன். அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"பாய், அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்னு பேச்சே வேண்டாம். இனிமே எப்பவும் கூடாது. அந்த வால்வைச் சரிபண்ண எங்ககிட்ட வழி இல்லை. அவங்ககிட்ட இதைச் சொல்லாதீங்க. அதிர்ச்சியைத் தாங்கற இதயம் இல்லை."

அங்கிருந்து பள்ளிவாசல் இமாமிடம் போனேன். "குணமாகும்னு நம்பிக்கை இருந்தா, குணமான பிறகு நோன்பு. இல்லைன்னா, விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு. அதுதான் பித்யா" என்றார்.

"எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டையும் செஞ்சுட்டா, ஹஜ்ரத்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "டாக்டர் என்ன சொன்னார்?"

நான் செருப்பைத் தேடினேன்.

யாருக்காவது வெளியே சோறு வாங்கிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஆனால் நிய்யத் (மனத்தில் கொள்ளும் உறுதி) அவளுடையதாக இருக்க வேண்டும். சொன்னால் இதயம் நின்றுவிடுமோ என்ற பயம். சொல்லாவிட்டால் அவள் கடமை அந்தரத்தில் தொங்கும். என் குடைக்கடையில் குடைகளை விரிப்பேன், மடக்குவேன், வீட்டுக்கு வருவேன். அவள் அடுத்த மார்கழியைப் பற்றிப் பேசுவாள். நான் தலையாட்டுவேன். தலையாட்டுவதும் பொய்தான்.

ஒரு நாள் மதியம் வந்தபோது அடுப்பங்கரையில் செல்லம்மா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து கீரை கொண்டுவந்து விற்பவள்.

"இன்னா பாய், உங்க வூட்ல உப்புக்கும் ரேஷனா?" என்றாள் வாய் நிறையச் சோற்றோடு.

மைமூன் சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. "ஜாடி உன் பக்கத்துலதானே இருக்கு. எனக்குத்தான் ஆகாது. நீ அள்ளிப் போட்டுக்கோயேன்."

"அப்டி சொல்லு. நான் இன்னாவோ நெனச்சுக்கினு கீறேன். நாளைக்கும் வரவா?"

"நாளைக்கும் வா."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனதும் மைமூன் கேட்டாள்: "எதுக்குச் சோறு போட்டேன்னு கேக்க மாட்டீங்களா?"

குடையை ஒரு மூலையில் வைத்தேன். எடுத்து வேறு மூலையில் வைத்தேன்.

"பித்யான்னு நினைச்சுத்தான் போட்டேன். ஆனா நினைப்பு நிக்க மாட்டேங்குது. மார்கழியில வெச்சுடலாம்டின்னு உள்ளேயிருந்து ஒருத்தி சொல்றா. மனசு ரெண்டுபட்டா அது வெறும் சோறுங்க. டாக்டர் உங்களைத் தனியாக் கூப்பிட்டதைப் பார்த்தேன். சொல்லிடுங்க."

"வேற நாள் இல்லைன்னார்" என்றேன்.

அவள் கழுத்து நரம்பு துடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நின்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. நிற்கவில்லை.

"அப்ப நாளைக்கும் அரிசி கூடப் போடணும்" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, "பசியோட உக்காந்து, நோன்பு திறக்கற மக்ரிப் பாங்கு கேக்கறது இனிமே எனக்கில்ல" என்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னால் ஆனது அதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வருஷம் இல்லை, மாசம் இல்லை. அடுப்பில் கூடுதலாக ஒரு பிடி அரிசி விழுந்தால் அன்றைக்கு ஒரு நாள். மறுபடியும் நோன்பு மாதம் வருவதற்குள் அவளை வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று.

நான் சொன்னதால் அவள் நாட்கள் குறைந்தனவா? பின்னால் டாக்டரிடம் கேட்டேன். ஹஜ்ரத்திடமும் கேட்டேன். தெரியாது என்றுதான் இரண்டு பேரும் சொன்னார்கள். வேறு மாதிரி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைக்கு என் நெற்றி தரையில் படும்போது மூச்சு தடையில்லாமல் போய் வருகிறது. ஒவ்வொரு முறையும் அது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 'நாளைக்கு' என்ற சொல் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போகிறது.

அவளைக் கடைசியாகப் பார்த்த அன்று, வார்டில் பார்வை நேரம் முடிந்த மணி அடித்தது. ஆயா கதவோரம் வந்து நின்றாள். வெளியே டிராம் மணி கேட்டதும் பழக்கதோஷத்தில் என் கால் பரபரத்தது. ஸலாம் சொல்லி, பையை எடுத்துக்கொண்டு வேகமாகத் திரும்பினேன். மைமூன் தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"ஓடாதீங்க. அடுத்த டிராம் வரும்."