கிழக்கு ஜன்னலில் ஒரு காற்றுக்குழாய்

பல் தேய்ப்பதற்கு முன்னால் காற்றை முகர்ந்து பார்க்கிறார் பொன்னுராஜ். கிழக்கு ஜன்னலைக் கையகலம் திறந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை இழுக்கிறார். மண் வாடை, சாண வாடை, பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் நசுங்கிக் கிடக்கும் பழத்தின் புளிப்பு வாடை, இவையெல்லாம் பரவாயில்லை. சுண்ணாம்பு வாடை லேசாக வந்தாலும் போச்சு. ஜன்னல் படாரென்று சாத்தப்படும். அன்றைக்கு இட்லி தொண்டையில் இறங்காது. "எல்லார் வீட்லயும் மொதல்ல கண்ணு முழிக்கும் சார். இவுகளுக்கு மூக்குதான் முழிக்குது" என்கிறார் அவர் மனைவி இவாஞ்சலின்.

இதே மனிதரைக் கம்பத்தில் அவருடைய கடையில் பார்க்க வேண்டும். பூச்சிமருந்துக் கடை. உள்ளே கால் வைத்தாலே நமக்கு மூக்கு எரியும். அந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்து நிம்மதியாக வடை தின்பார். எந்த இலையை நீட்டினாலும் திருப்பிப் பார்த்து, இதற்கு இன்ன மருந்து, டேங்குக்கு இத்தனை மில்லி என்று சொல்லிவிடுவார். சுற்றுப்பட்டு விவசாயிகளுக்கு அவர் வாய்தான் வேளாண்மைத் துறை. ஐம்பத்து நாலு வயது. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. காமயகவுண்டன்பட்டியின் கிழக்கு ஓரத்தில் அவர் வீடு. மாடியில் நான் மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துபவன் என்பதால் என்னிடம் வாடகையோடு சேர்த்து யோசனையும் வசூலிப்பது அவர் வழக்கம்.

வீட்டுக் கூடத்தில் ஐந்தடி நீளத்தில் ஒரு கடல் இருக்கிறது. லோயர் கேம்ப்பில் இறங்கி வரும் பெரியாற்றுத் தண்ணீரை ஊரே நெல்லுக்கும் தென்னைக்கும் பாய்ச்சிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அதை வடிகட்டி, உப்பைக் கொட்டிக் கலக்குகிறார். ஊருக்குள் அவருக்கு 'உப்புத்தண்ணி அண்ணாச்சி' என்று பெயர். தொட்டிக்குள் ஒரு ஜோடி கோமாளி மீன்கள், அவை குடியிருக்கும், பூப்போல விரிந்து சுருங்கும் கடல்சாமந்தி என்ற உயிரி ஒன்று, காளான் போல விரியும் மெத்துப் பவளங்கள். கல் பவளம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்காது; அந்தப் பக்கமே அவர் போவதில்லை. போலீஸ்காரரைக் கண்டால் தலைக்கவசம் போட்டிருக்கும்போதும் வண்டியை மெதுவாக்குகிற ஆள் அவர்.

தொட்டிக்குக் கீழே ஸ்கிம்மர் என்று ஒரு கண்ணாடிக் குழல் நிற்கிறது. காற்றை இழுத்துப் பொடிக் குமிழிகளாக்கித் தண்ணீருக்குள் விடும். மீன் கழிவும் மிச்சத் தீனியும் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி ஒரு கிண்ணத்தில் விழும். பருப்பு கொதிக்கும்போது பொங்கும் நுரையைக் கரண்டியால் எடுத்து வீசுவதைப் போலத்தான். இதற்கு அவர் செய்யும் பணிவிடை கொஞ்சமல்ல. இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுத்துப் பகுதியை பிரஷ் போட்டுத் தேய்ப்பார். காற்று நுழையும் துளையில் பூத்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கரைப்பார். மாதம் ஒருமுறை மோட்டாரைக் கழற்றி வினிகரில் ஊறப்போடுவார். கையில் துளி எண்ணெய் இருந்தாலும் நுரை செத்துவிடும் என்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தண்ணீரைத் தொடுவார். தலைக்கு எண்ணெய் வைப்பதையே நிறுத்திவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் கடல்சாமந்தி சுருங்கியே கிடந்தது. தண்ணீரின் பி.எச். எட்டுக்கு மேல் ஏற வேண்டும், அது 7.8-ஐத் தாண்டவில்லை. தினமும் மீட்டரோடு மாடிக்கு ஏறி வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் காரணம் பிடிபட்டது. அன்று அவர் வீட்டில் ஜெபக் கூட்டம். பூச்சிமருந்துக்குப் பயந்து எப்போதும் ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கும் கூடத்தில் பதினெட்டுப் பேர் ஒரு மணி நேரம் பாடினார்கள். முடிந்து பார்த்தால் 7.7. எல்லாரும் விட்ட மூச்சில் இருந்த கரியமில வாயுவை ஸ்கிம்மர் சிரத்தையாக இழுத்துத் தண்ணீரில் கரைத்திருந்தது. அதன் காற்றுக்குழாயை வெளியே விட்டால் நல்ல காற்றாக இழுக்குமே என்று சொன்னது நான்தான். இதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மறுநாளே ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு, சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாயை வெளியே விட்டார். நாலாம் நாள் 8.2. கடல்சாமந்தி சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்தது. ஸ்கிம்மரில் நுரை கெட்டியாக, காப்பி நிறத்தில் ஏறியது. இரண்டு வாரம் மனிதர் சிரித்த முகமாகத் திரிந்தார்.

பிறகு ஒரு காலையில் நுரை கிண்ணத்தைத் தாண்டிப் பொங்கித் தரையெல்லாம் ஓடியது. பக்கத்துத் தோட்டத்துக் கர்ணன் திராட்சைப் பந்தலுக்கு போர்டோக் கலவை அடித்துக்கொண்டிருந்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து, இலையில் ஒட்டுவதற்கு ஒரு பசைத் திரவமும் சேர்த்து, மோட்டார் வைத்துப் பீய்ச்சும் மருந்து அது. அந்தப் புகைமூட்டத்தைக் குழாய் இழுத்துவிட்டது. பசை நுரையைப் பொங்க வைத்தது. துத்தத்தில் இருக்கும் தாமிரம் மற்றதைச் செய்தது. அப்போது தொட்டியில் இருந்த சிவப்பு வரி இறால் சாயங்காலத்துக்குள் மல்லாந்துவிட்டது. கடல்சாமந்தி எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கி, மீண்டும் விரிய ஒரு மாதம் ஆனது. துத்தம், சுண்ணாம்பு, பசை மூன்றும் எங்கே வாங்கியவை என்று சொல்ல வேண்டியதில்லை.

குழாயை வேறு பக்கம் மாற்றச் சொன்னேன். மேற்கேயும் திராட்சை, தெற்கே சமையலறைப் புகை, வடக்கே மாட்டுக் கொட்டம். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துக் கருவியில் போடும் சுண்ணாம்பு மணிகளை மதுரையிலிருந்து வரவழைத்து, வீட்டுக்குள் இருக்கும் காற்றிலேயே கரியமில வாயுவை வடிகட்டிப் பார்த்தார். பத்து நாளில் அவை நிறம் மாறிச் சத்துப் போயின. கடைசியில் குழாய் கிழக்கிலேயே நின்றது. பயமும் அங்கேயே நின்றது.

கர்ணனிடம் சொல்லிவிட்டால் முடிந்தது, அடிக்கும் நேரம் மட்டும் குழாயை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அதற்குத்தான் அவருக்குத் துணிச்சல் இல்லை. "மருந்துக் கடைக்காரன் வீட்லயே மருந்துக்குப் பயப்படுறாகன்னு ஒருத்தன் வாயில விழுந்தா போதும் சார். கம்பத்துல இருந்து சின்னமனூரு வரைக்கும் பேசுவாக. அப்பறம் எவன் என் பேச்சக் கேட்டு மருந்தடிப்பான்?" என்றார். ஆகவே ரகசியமாக ஒரு ஏற்பாடு. கர்ணன் கடைக்கு வந்து துத்தம் வாங்கியதும் இவர் பின்கட்டுக்குப் போய் வீட்டுக்கு போன் போடுவார். இவாஞ்சலின் குழாயை உள்ளே இழுத்து ஜன்னலைச் சாத்துவார்.

மனிதர் அந்த நாட்களில் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்காது. தெருவில் எந்த மோட்டார் இரைந்தாலும் முகம் வெளுத்துவிடும். ஐஸ்கிரீம் வண்டிக்குக்கூட ஒருமுறை ஜன்னலைச் சாத்தினார். வானம் மூடினால் ஊரில் எல்லாரும் குடையைத் தேடுவார்கள். இவர் கர்ணனைத் தேடுவார். சாரல் விழுந்தால் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வரும், நோய் வந்தால் கர்ணன் அடிப்பார், அடித்தால் தொட்டி போய்விடும். இந்தச் சங்கிலி அவர் தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேலி செய்துகொண்டிருந்தேன். ஆகஸ்டில் நடந்ததைக் கேட்ட பிறகு கேலி நின்றுவிட்டது.

அன்று அவர் மருந்துக் கம்பெனிக் கூட்டத்துக்காக மதுரையில் இருந்தார். இவாஞ்சலின் தன் தங்கையின் பிரசவத்துக்குச் சின்னமனூர் போயிருந்தார். நானும் பள்ளிப் பயிற்சிக்காகத் தேனியில். வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளே இழுத்து வைத்தால் பி.எச். இறங்கிவிடும் என்று விட்டுப் போன குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கர்ணன் தோட்டத்திலிருந்து போன் செய்தார். இலையில் எண்ணெய் பட்டது போல மஞ்சள் புள்ளி, திருப்பினால் வெள்ளைப் பூச்சு. வீட்டில் பழைய துத்தம் இருக்கிறது, இப்போதே அடிக்கவா, பொறுக்கவா என்று கேட்டார். பாடம் படித்த எவனும் இப்போதே அடி என்றுதான் சொல்வான். பொன்னுராஜுக்கு இருபது வருட அனுபவம். அவர், "ரெண்டு நாள் பொறு கர்ணா, மேகம் கலையட்டும்" என்றார்.

மேகம் கலையவில்லை. மூன்று நாள் விடாத சாரல். பிஞ்சுக் குலைகள் பழுப்பேறி உதிர்ந்து, பாதிப் பந்தல் போய்விட்டது. கர்ணன் கடைக்கு வந்து இவர் எதிரில் நின்றுகொண்டு, "மழை ஏமாத்திருச்சு அண்ணாச்சி. ஒங்க மேல என்ன தப்பு, நீங்க நல்லதுக்குத்தான சொன்னீக" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாராம். கர்ணனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் யுவராணி அந்த வருடம்தான் நர்சிங் படிக்கச் சேர வேண்டியவள். சேரவில்லை.

இதைப் பொன்னுராஜ் மாடிப் படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ரெண்டு மீனுக்காகவா என்று கேட்டேவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "மீனுக்குப் பயந்தப்பகூட இம்புட்டுத் தெரியல சார். இப்ப என் வாய நெனச்சாத்தான் பயமா இருக்கு. எவனாவது எலையக் கொண்டாந்து நீட்டுறப்ப, நான் அவனுக்குச் சொல்றனா, எனக்குச் சொல்லிக்கிறனான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது" என்றார். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அதிலிருந்து கடையில் அவர் பேச்சு குறைந்துவிட்டது. இலையைத் திருப்பிப் பார்ப்பார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார், பிறகு எதற்கும் தோட்டக்கலை ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்பார். அண்ணாச்சிக்கு வயசாகிவிட்டது என்று விவசாயிகள் பேசிக்கொண்டார்கள். கர்ணன் மட்டும் விடாமல் அவரையே வந்து கேட்டார். கர்ணன் வருவது தெரிந்தால் பொன்னுராஜ் பின்கட்டுக்குள் போய் நின்றுகொள்வதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு காலை. மீட்டரைச் சரிபார்க்க என்னைக் கீழே கூப்பிட்டிருந்தார். உறவில் ஒரு கல்யாணத்துக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் போடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இரவு தங்கி மறுநாள்தான் திரும்புவதாக ஏற்பாடு; அதுவரை குழாயை உள்ளே இழுத்து வைத்தால் பி.எச். இறங்கிவிடும் என்று அதை வெளியே விட்டிருந்தார். எனக்கும் அன்று தேனியில் விடைத்தாள் திருத்தும் வேலை. வெளியே வானம் மூடிக் கிடந்தது. வாசலில் கர்ணன் இரண்டு திராட்சை இலைகளோடு வந்து நின்றார். துத்தம் கரைத்த கை, மணிக்கட்டு வரை நீலமாக இருந்தது.

"எல்லாம் கரைச்சு ரெடியா இருக்கு அண்ணாச்சி. அடிக்கவா, பொறுக்கவா? நீங்க சொல்றதுதான்" என்றார்.

பொன்னுராஜ் இலையை வாங்கித் திருப்பினார். நான் தொட்டியைப் பார்த்தேன். கடல்சாமந்தி அகல விரிந்திருக்க, மீன்கள் அதற்குள் புரண்டுகொண்டிருந்தன. இவாஞ்சலின் கல்யாணச் சேலையோடு கதவருகில் நின்றார். "சொல்லிருங்க" என்றார், அவ்வளவுதான்.

"அடி. இப்பவே அடி" என்றார் பொன்னுராஜ். கர்ணன் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். இவர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, குழாய் போட்டதிலிருந்து வெளியாள் யாரையும் விடாத அந்தக் கூடத்துக்குள் செருப்போடு கூட்டி வந்தார். ஜன்னல் துளை, குழாய், ஸ்கிம்மர், தொட்டி என்று ஒவ்வொன்றாகக் கையை நீட்டிக் காட்டினார். இறால் செத்ததைச் சொன்னார்.

"அன்னைக்குப் பொறுன்னு சொன்னது மழையப் பாத்துச் சொல்லல கர்ணா. வீடு பூட்டிக் கெடந்துச்சு. இதுக்குப் பயந்து சொன்னேன்."

கர்ணன் தொட்டிக்கு முன்னால் குனிந்து அந்த இரண்டு மீன்களையும் வெகுநேரம் பார்த்தார். எதற்காகத் தன் பாதிப் பந்தல் போனது என்று எண்ணிப் பார்ப்பவர் போல இருந்தது. அவர் கை தொட்டியின் விளிம்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்தத் துத்தக் கையை உள்ளே தோய்த்து எடுத்தால் போதும், தொட்டி போய்விடும். ஆனாலும் பொன்னுராஜ் நடுவில் போய் நிற்கவில்லை.

இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து வாசல் சாவியை மட்டும் கழற்றினார்.

"மருந்தடிக்குமுன்ன இந்தக் கொழாய உள்ள இழுத்துரு. முடிச்சு ஒரு மணி நேரங்கழிச்சு வெளிய விடு. செய்யாமப் போனாலும் நான் ஒன்னும் கேக்க மாட்டேன்."

கர்ணன் கையை நீட்டவில்லை. பொன்னுராஜ் தானே அந்த நீலக் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.